மலையாளத்தில் போட்ட சத்தம்

அச்சுதன் மாஸ்ரர் முப்பத்தொரு வருசமாக ஊரைப் பற்றி என்ன எழுதிவந்தார் என்பது ஊருக்குத் தெரியவந்தது ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணியளவில், கரைவலை பாதி இழுபட்டுக்கொண்டிருந்தபோது. அதுவரை அவருடைய மனைவி வள்ளியம்மாவுக்கே தெரியாது. அவர் எழுதுவது மலையாளத்தில். சாம்பல்தீவு தாண்டி நிலாவெளிக்குப் போகும் வழியிலிருக்கும் புன்னையடித்துறையில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய தகப்பன் தலைச்சேரிக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக் கடற்படைக் குசினியில் சமைக்க வந்து, இங்கேயே கலியாணம் செய்து, இங்கேயே செத்தவர். மகனுக்கு அவர் விட்டுப்போனது ஒரு தகரப்பெட்டியும் மலையாளமும். மகன் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரம் போய்ப் பட்டம் வாங்கிவந்து, பட்டணத்துப் பள்ளிக்கூடமொன்றில் தமிழ் படிப்பித்தார். தமிழில் அவர் எழுதியது பரீட்சைக்கான இலக்கண வழிகாட்டியும், வாரப் பத்திரிகையில் சொற்பிறப்பு பற்றிய ஒரு பத்தியும். மலையாளத்தில் ஏழு புத்தகம். சாதி, சீதனம், கோயில் நிருவாகம், குடி, பொம்பிளைகளை நடத்தும் விதம் என்று ஒன்றையும் மிச்சம் விடாமல் வெளுத்து வாங்கிய புத்தகங்கள். கேரளத்தில் அவருக்கு ‘லங்கா மாஷ்’ என்று பெயர், இரண்டு பரிசு, இரண்டு மூன்று வருசத்துக்கொரு மேடை. போய்வரும்போதெல்லாம் ஒரு சால்வை கொண்டுவருவார். வள்ளியம்மா மடித்து அலுமாரியில் வைப்பாள். பதின்மூன்று சால்வை சேர்ந்துவிட்டது. திருகோணமலை வெக்கையில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கு விளங்கியதேயில்லை.

அன்று கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. கரைவலைச் சம்மாட்டி யோகலிங்கம் வள்ளியம்மாவின் தம்பி. வலையும் தோணியும் அவனுடையவை. நாலு நாளாகக் கீரிமீன் கரையை அண்டி வந்துகொண்டிருந்ததில் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. முப்பது பேர் இரண்டு கயிற்றிலும் பிரிந்து நின்று இழுத்தார்கள். பொம்பிளைகள் மணல்மேட்டில் கூடைகளோடு காத்திருந்தார்கள். மீன் கரைக்கு வந்த பிறகுதான் அவர்களுடைய வேலை தொடங்கும். தரம் பிரித்து, குடல் எடுத்து, உப்புப் போட்டுக் காயவைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். ஆனால் வலைக்கயிறு மணலில் ஏறிக் கிடக்கும் நேரத்தில் அதை அவர்கள் தாண்டக்கூடாது. அந்தப் பக்கம் போகவேண்டுமானால் கயிற்றின் கடைசித் தலைப்புவரை நடந்து, சுற்றித்தான் வரவேண்டும். வள்ளியம்மா இந்த அறுபது வயதுவரை அப்படித்தான் சுற்றிவருகிறாள்.

யோகலிங்கத்தின் மகன் யதுர்ஷன், நிலாவெளி ஹோட்டல்களில் தங்குகிறவர்களைப் படகில் ஏற்றித் திமிங்கிலம் காட்டுகிறவன். அவன் ஓட்டோவில் ஒரு இளம் சோடியைக் கொண்டுவந்து இறக்கினான்.

“மாமி, இவை கேரளாவிலயிருந்து வந்தவை. மாமாவின்ர புத்தகமெல்லாம் வாசிச்ச ஆக்களாம்.”

அந்தப் பெட்டை ஓடிவந்து வள்ளியம்மாவின் மீன்செதில் ஒட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். “மீன் முறிக்கும்போள் பாடுந்ந சேச்சி!”

“என்னவாம்?”

“மீன் வெட்டேக்க பாட்டுப் பாடுற அக்கா நீங்கள்தானோ எண்டு கேக்கிறா,” என்றான், படகில் வருகிறவர்களிடம் காதால் கொஞ்சம் மலையாளம் பிடித்திருந்த யதுர்ஷன்.

“நான் பாடுறதோ? ஆர் சொன்னது?”

“மாமா எழுதியிருக்கிறாராம்.”

வள்ளியம்மா வாய் திறக்குமுன் அந்தப் பெட்டை கடற்கரையைப் பார்த்துத் துள்ளிக்கொண்டு போய்விட்டாள். புருசன்காரன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். அவள் பாவாடையைச் சற்றே உயர்த்தி, வலைக்கயிற்றை ஒரு காலால் தாண்டி, இரண்டு கையையும் மேலே விரித்துச் சிரித்தாள். படம் சரியாக வரவில்லைப்போல. திரும்பி மறுபக்கமிருந்து இன்னொருமுறை தாண்டினாள்.

முன்கயிற்றில் நின்ற கிழவர் கோணாமலை போட்ட கூச்சலில் முப்பது பேரும் திரும்பினார்கள். கயிறு தொய்ந்தது. கரைக்கு இருபது பாகம் இருக்கும்போது வலையின் மடி தாழ்ந்தது. உள்ளே கொதித்துக்கொண்டிருந்த கீரிக் கூட்டம் மேல்வலையால் வழிந்து கடலுக்குள் போவதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். வந்து சேர்ந்தது இரண்டு கூடை.

சூழ்ந்துகொண்டவர்களைக் கண்டு அந்தக் கேரளத்துப் பெடியன் வெலவெலத்துப்போனான். தான் பிழை செய்யவில்லை, மாஷ் எழுதியதைத்தான் செய்தோம் என்று காட்டுவதற்காகக் கைத்தொலைபேசியில் அந்தக் கட்டுரையை எடுத்து, தமிழாக்கும் பொத்தானை அழுத்தினான். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பதுபோல, நிதானமாகச் சொன்னது: “எங்கள் கரையில் பெண்கள் நாய்கள். அவர்கள் கயிறு கடக்கலாம். பாடுவதில்லை.”

இன்னொருமுறை அழுத்தச் சொன்னார் கோணாமலை. அது இன்னொருமுறையும் சொன்னது.

வள்ளியம்மா வெறுங்கூடையோடு வீட்டுக்கு வந்தபோது செய்தி அவளுக்கு முன் வந்திருந்தது. மாஸ்ரர் கதிரையில் இருந்து யதுர்ஷனின் கைத்தொலைபேசியை மூக்கோடு பிடித்துக்கொண்டிருந்தார்.

“வள்ளி, இந்த அநியாயத்தைக் கேள். ‘நாயக்கு வலக்கயர் மறிகடக்காம், பெண்ணினு பாடில்லா.’ இதுதான் நான் எழுதினது. ‘பாடில்லா’ எண்டா கூடாது எண்டு அர்த்தம். இந்தச் சனியன் ‘பாடுவதில்லை’ எண்டு சொல்லுது! ‘நாயக்கு’ எண்டது நாலாம் வேற்றுமை. அதைக் கொண்டுபோய்ப் பொம்பிளையளோட ஒட்டிப்போட்டுது. வேற்றுமை தெரியாத மிசினை ஆர் மொழிபெயர்க்க விட்டது?”

“இஞ்சாருங்கோ, அங்க முப்பது பேர் கயித்தை விட்டிட்டு நிக்கினம்.”

“அதைத்தானே சொல்லுறன். பிழையான மொழிபெயர்ப்பால வந்த வினை.”

“சரியான மொழிபெயர்ப்பு என்ன?”

“நாய் வலைக்கயித்தைத் தாண்டலாம், பொம்பிளை தாண்டக்கூடாது.”

“அதைக் கேட்டவுடன எல்லாரும் வந்து உங்களுக்கு மாலை போடுவினமோ?”

அவர் கைத்தொலைபேசியில் அடுத்த வசனத்தை அழுத்தி, அதிலும் ஒரு பிழை கண்டுபிடித்து, கதிரையின் கையில் அடித்தார்.

மத்தியானம் புட்டும் முதல்நாள் கீரிமீனில் சொதியும் வைத்து முடிக்கிற நேரம் யோகலிங்கம் வந்தான். வியர்வை காயாத சேட்டோடு வாசலிலேயே நின்றான்.

“அத்தான், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சங்கத்தில கூட்டம். நீங்கள் வந்து ஒரு வசனம் சொன்னாக் காணும். ‘தெரியாமல் எழுதிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.’ அவ்வளவுதான். இல்லாட்டித் திங்கட்கிழமையும் ஒருத்தரும் கயித்தில கை வைக்கமாட்டினமாம்.”

“தெரியாமல் நான் ஒண்டும் எழுதேல்லை, தம்பி.”

“சரி, தெரிஞ்சு எழுதிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ.”

“எழுதினது சரி எண்டேக்க மன்னிப்பு என்னத்துக்கு?”

“அத்தான், கீரி நிக்குது. கச்சான் எழும்பினா வலை போட ஏலாது. உங்கட நாலாம் வேற்றுமைக்காகக் கீரி காத்துக்கொண்டு நிக்காது.” தமக்கையின் பக்கம் திரும்பினான். “அக்கா, நீயாவது சொல்லன்.”

“நான் சொல்லி எப்ப கேட்டவர்?” என்றாள் வள்ளியம்மா. “நீ இருந்து சாப்பிடு.”

அவன் இருக்கவில்லை.

கூட்டம் முடியட்டும் என்று அடுத்த நாள் வலை போகவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்க, ஆம்பிளைகள் தோணி நிழலில் சும்மா படுத்திருந்தார்கள். வள்ளியம்மா காயவைத்த கருவாட்டைப் புரட்டப் போனாள். மற்றப் பொம்பிளைகள் தங்கள் பாய்களை இழுத்துக்கொண்டு தள்ளிப்போய் இருந்தார்கள். அவளோடு இருபது வருசம் ஒரே நிழலில் இருந்து மீன் வெட்டிய இராசமலர்தான் வாய் திறந்தாள்.

“வள்ளியக்கா, நாங்கள் நாயெண்டா நீ ஆர்?”

“ஐயோ, அவர் அப்பிடி எழுதேல்லையடி. நாய் கயித்தைத் தாண்டலாம், நாங்கள் தாண்டக்கூடாது, அப்பிடியெண்டுதான் எழுதினவராம். மிசின் மாறிச் சொல்லிப்போட்டுது.”

இராசமலர் ஒரு கருவாட்டைக் கையில் பிடித்தபடி யோசித்தாள்.

“அது உள்ளதுதானே,” என்றாள். “உள்ளதைச் சொல்லுறதுக்கு ஏன் மலையாளம்?”

வள்ளியம்மா அதை வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனாள். அங்கே மாஸ்ரர் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்காகக் கட்டுரை முழுவதையும் தன் கையாலேயே தமிழாக்கிக்கொண்டிருந்தார். எட்டுப் பக்கம் முடிந்திருந்தது.

“ஒரு வசனம் சொன்னாக் காணுமெண்டெல்லோ தம்பி சொன்னவன்?”

“பிழையைத் திருத்தாமல் மன்னிப்புக் கேட்டா அந்தப் பிழையை நான் ஒத்துக்கொண்டதாப் போயிடும், வள்ளி. உனக்கு இது விளங்காது.”

“எனக்கு விளங்குற மொழியில நீங்கள் எப்ப எழுதினனீங்கள், நான் விளங்கிறதுக்கு?” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்ச் சட்டி பானையோடு சண்டை பிடித்தாள்.

கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தின் தகரச் சீற் கூரை ஞாயிற்றுக்கிழமை பின்னேரமும் அனல் கக்கிக்கொண்டிருந்தது. சங்கத்தில் பொம்பிளைகளுக்கு அங்கத்துவம் இல்லை. அவர்கள் வெளியே யன்னலோரம் நின்றார்கள். வள்ளியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு நின்றாள்.

மாஸ்ரர் எழும்பி, கண்ணாடியைப் போட்டு, “பாடு என்ற சொல்லுக்குத் தமிழிலும் மலையாளத்திலும்...” என்று தொடங்கினார். யோகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். கால் மணித்தியாலம் வேற்றுமை உருபு நடந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். தலைவர் மூன்றுமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசியில் மாஸ்ரர் சரியான மொழிபெயர்ப்புக்கு வந்துசேர்ந்தார். நாய் தாண்டலாம், பெண் தாண்டக்கூடாது. தூங்கியவர்களும் எழும்பிவிட்டார்கள்.

“அது எங்கட வழக்கம்! அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் நாறடிக்க நீங்கள் ஆர்?” என்று ஒருவன் கத்தினான்.

“நான் இண்டைக்கு நேற்று இதைச் சொன்னவன் இல்லை!” மாஸ்ரரின் குரலும் ஏறியது. “தொண்ணூற்றி நாலாம் ஆண்டு, இதே கரையில, ஒரு பிள்ளைத்தாச்சிப் பொம்பிளை தேத்தண்ணிக் கேத்திலோட தெரியாமல் கயித்தைத் தாண்டினதுக்கு, அவளை வெயிலில நிப்பாட்டி, வலைக்கு மஞ்சள்தண்ணி ஊத்தேக்க, முன்னுக்கு வந்து ‘நிறுத்துங்கோடா’ எண்டு சத்தம் போட்டவன் நான். என்ர முதல் கட்டுரையே அதுதான். பரிசு கிடைச்சதும் அதுக்குத்தான்!”

வள்ளியம்மாவின் விரல்கள் கம்பியில் இறுகின. அந்தப் பொம்பிளை அவள்தான். அப்போது வயிற்றில் ஏழு மாதம். அந்தப் பிள்ளை இப்போது கனடாவில். வெயிலில் நிற்கச் சொன்னது அவளைப் பெற்ற தகப்பன், அந்தக் காலத்துச் சம்மாட்டி. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கு நினைவில்லை. கால் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது. சத்தம் ஒன்றும் கேட்ட நினைவில்லை.

கோணாமலைக் கிழவர் மெதுவாக எழும்பினார்.

“மாஸ்ரர், அண்டைக்கு நானும் அங்க நிண்டனான். நீங்கள் புன்னைமரத்துக்குக் கீழ கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டெல்லோ நிண்டனீங்கள்? ஒரு சத்தமும் கேக்கேல்லையே.”

பின்வரிசைக்காரர் எட்டி மாஸ்ரரின் முகத்தைப் பார்த்தார்கள்.

“மலையாளத்தில போட்டிருப்பார், அண்ணை. உங்களுக்கு விளங்கியிராது,” என்றான் ஒருவன்.

அதோடு உடைந்தது. கூரைத் தகடு அதிரச் சிரித்தார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அதிகமாகக் கத்தியவர்களே இப்போது அதிகமாகச் சிரித்தார்கள். யோகலிங்கமும் சிரித்தான். மாஸ்ரர் எழுதிக் கொண்டுவந்த தாள்களை மடித்துப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் பிறகு கேட்கவேயில்லை. தேத்தண்ணி வந்தது. விசயம் முடிந்தது.

திங்கட்கிழமை முப்பது பேரும் கயிற்றுக்கு வந்தார்கள். மடி நிறையக் கீரி. கூடைகள் போதாமல் உரப்பை தேடி ஓடினார்கள். இழுக்கும்போது யாராவது ஒருவன் “மாஸ்ரரின்ர சத்தம் கேக்குதோ?” என்று கேட்பான், மற்றவர்கள் “இல்லை!” என்று இழுப்பார்கள். பொம்பிளைகள் எப்போதும்போலத் தலைப்புவரை நடந்து கயிற்றைச் சுற்றி வந்தார்கள். வள்ளியம்மாவும் சுற்றித்தான் வந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து இத்தனை கதை நடந்தது. அந்த நாள் வெயிலில் நின்றவள் யார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கோணாமலைக் கிழவருக்குத் தெரியும். யன்னலில் நின்ற அவளை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. இராசமலர் மட்டும் தன் கத்தியையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மத்தியானம் சோறு போட்டுக் கொடுத்தாள். மாஸ்ரர் சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“என்னைப் பகிடியாக்கிப்போட்டாங்கள், வள்ளி. முப்பத்தொரு வருச உழைப்பு. ஒரு சிரிப்பில முடிச்சுப்போட்டாங்கள்.”

“உங்களை!” என்றாள் வள்ளியம்மா. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். “அந்தப் புத்தகத்தை எடுங்கோ.”

“எந்தப் புத்தகம்?”

“நீங்கள் சத்தம் போட்ட புத்தகம். எடுத்து எனக்கு வாசியுங்கோ. தமிழில வாசியுங்கோ.”

அவர் எடுத்தார். முதலில் தடுமாறினார். பிறகு பழக்கதோசத்தில் குரல் மேடைக்கு ஏறியது. மணல், வெயில், மஞ்சள்தண்ணி, முன்னுக்கு வந்த இளம் ஆசிரியன், அவன் போட்ட சத்தம், தலைகுனிந்த ஊர். கடைசி வரியை மெதுவாக வாசித்தார்: “அவளுடைய பெயரை நான் கேட்கவில்லை.”

“பேர் தெரியாதோ உங்களுக்கு?”

“அது... எழுத்தில அப்பிடித்தான் வரும், வள்ளி. பேரில்லாட்டி அவள் எல்லாப் பொம்பிளையளுக்கும்...”

“நான் எல்லாப் பொம்பிளையும் இல்லை. எனக்குத்தான் கால் சுட்டது.”

“நான் பயந்தனான்,” என்றார் மாஸ்ரர். “உன்ர அப்பாவுக்குப் பயம். உன்னைக் கட்டி இஞ்ச வந்து மூண்டு வருசம், நான் இந்த ஊரில மலையாளத்தான்ர மகன். அண்டைக்கு நான் போட்டிருக்க வேண்டிய சத்தம் அது. அதைத்தான் எழுதினனான்.”

“பயந்ததை எழுதியிருக்கலாமே. ஆர் வேண்டாமெண்டது? எனக்குப் போடவேண்டிய சத்தத்தைக் கொண்டுபோய்க் கேரளாவில போட்டிட்டு, அதுக்குச் சால்வை வாங்கிக்கொண்டு வந்தனீங்கள். விசரி நான், அதை மடிச்சு மடிச்சு வைச்சனான்.”

அவர் புத்தகத்தை மூடினார். வள்ளியம்மா அவருடைய கோப்பையைத் திரும்ப அவர் பக்கம் தள்ளி, “சாப்பிடுங்கோ, மீன் ஆறுது,” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அழவேண்டும்போல இருந்தது. அழுதால் அதையும் எழுதுவார் என்ற எரிச்சலில் அழவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கேரளத்திலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மாஸ்ரரின் பதிப்பாளர். கயிற்றைத் தாண்டிய பெட்டையின் படம் அங்கே பெரிய கதையாகிவிட்டதாம். கட்டுரைகளையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகப் போடப்போகிறாராம். குரலில் அவ்வளவு உற்சாகம். வள்ளியம்மாவுக்கு இடையிடையே சொற்கள் பிடிபட்டன. ‘தொண்ணூற்றி நாலு’ என்றது. ‘ஸ்த்ரீ’ என்றது. மாஸ்ரர் மறுமொழி சொல்லாமல் இருப்பதைக் கண்டு துருவலையிலிருந்து எழும்பி வந்தாள்.

“என்னவாம்?”

மாஸ்ரர் கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே சொன்னார். “அண்டைக்கு வெயிலில நிண்ட பொம்பிளை இப்பவும் உயிரோட இருக்கிறாவோ, தேடிக் கண்டுபிடிக்க ஏலுமோ எண்டு கேக்கிறார். புத்தகத்தில படம் போடவாம்.”

வள்ளியம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கைத்தொலைபேசியை வாங்கினாள். உள்ளே தாடிவைத்த ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தப் பொம்பிளை நான்தான். என்ர பேர் வள்ளியம்மா. இவர் அண்டைக்கு வாய் திறக்கேல்லை. முன்னுக்கு வந்து சத்தம் போட்டதெண்டு எழுதினது பொய். ஒருத்தரும் எனக்காகச் சத்தம் போடேல்லை.”

அந்த மனிதர் சிரிப்பு மாறாமல் தலையாட்டினார். “மாஷே, சேச்சி எந்தா பறஞ்ஞது?”

வள்ளியம்மா கைத்தொலைபேசியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அதன் முகத்தை மாஸ்ரர் பக்கம் திருப்பினாள்.

“சொல்லுங்கோ. கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ.”

மாஸ்ரர் அவளைப் பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதலில் அவளுடைய பெயர் வந்தது. அதன்பிறகு வந்த சொற்கள் அவளுக்குத் தெரியாதவை. மேடைக்குரல் இல்லை. ஒவ்வொரு சொல்லாக, சுமை இறக்குவதுபோலச் சொன்னார். அவர் சரியாகச் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. கைத்தொலைபேசியைச் சற்றுச் சரித்து அந்தத் தாடிக்கார மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு முதலில் அப்படியே இருந்தது. பிறகு ஒரு பக்கம் நின்றது. பிறகு முழுவதுமாகப் போய்விட்டது.

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று வள்ளியம்மாவுக்குத் தெரிந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து தணிந்த குரலில் ஏதோ கேள்வி வந்தது.

“அந்தப் பகுதியை எடுத்துவிடட்டோ எண்டு கேக்கிறார்,” என்றார் மாஸ்ரர்.

“எடுக்கவேண்டாம். அப்பிடியே இருக்கட்டும். கீழ என்ர பேரைப் போட்டு, இது பொய்யெண்டு நான் சொன்னதையும் போடட்டும். உங்கட புத்தகத்திலதான் போடவேணும்.”

அவர் கைத்தொலைபேசிப் பக்கம் நிமிர்ந்து, அதையும் மொழிபெயர்த்தார்.